ஐந்து வீடு, ஒரு மூட்டை உமி

குடியிருப்பில் பசுமைத் திட்டம் என்று பேச்செடுத்தால் முதலில் பேனர் வந்துவிடும். பிறகு ஒரே நிறத்தில் டி-சட்டை, ஒய்.பி.யோடு ஒரு படம், சாலையோரத்தில் நாலு மரக்கன்று. ஆறு மாதம் கழித்துப் போனால் பேனர் மட்டும் வெளுத்துத் தொங்கும். மலாக்காவின் மஸ்ஜித் தானாவிலோ பக்கத்துத் தாமான்களிலோ யாராவது சமையற்கட்டுக் கழிவை உரமாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறோம் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மூட்டை உமி வாங்கி வையுங்கள். சமையற்கட்டுக் கழிவு தினமும் தானாக வரும். அதோடு சேர வேண்டிய காய்ந்த சரக்குக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. உரக்கூடை நாறுவதும், அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும், சேர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

மலாக்காவில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. 2016 ஜூன் முதல் அபராதமும் வந்தது: தரை வீடுகளுக்கு முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, அதற்கும் அடங்காவிட்டால் 500. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிச் சாமான்கள் என்று லோரி வருகிறது. காகிதம், டின், போத்தல், பிளாஸ்டிக் எல்லாம் பிரிகின்றன, சரி. மீன்செதிலும் காய்த்தோலும் மிஞ்சிய சோறும்? சட்டம் அவற்றை மிச்சக் குப்பைக் கணக்கில் விட்டுவிட்டது. குழந்தையின் பேம்பர்ஸோடு ஒரே பையில் கட்டித் தொட்டியில் போட்டால், அவை கிருபோங் குப்பைமேடு மூடிய பிறகு மாநிலத்துக் குப்பையெல்லாம் போய்ச் சேரும் சுங்கை ஊடாங்குக்குப் போகின்றன. அது நமக்குத் தூரத்து ஊரும் இல்லை; மலாக்கா டவுனுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

2012இல் நாடு தழுவி எடுத்த கணக்கில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. பிளாஸ்டிக் 13.2, பேம்பர்ஸ் 12.1, காகிதம் 8.5. நாம் மெனக்கெட்டுப் பிரிப்பதையெல்லாம் கூட்டினாலும், பிரிக்காமல் விட்டது அதைவிடப் பெரிது. அது ஈரமானது, கனமானது. குப்பைமேட்டில் அடியில் புதைந்து காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேனாகவும் கறுத்த கசிவுநீராகவும் வெளியேறுவதும் அதுதான்.

தோட்டத்து லயத்தில் இருந்தவரை இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி, குழிக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகை, சுற்றிலும் வாழை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் தாமானில் வீடு வாங்கியதும் முற்றம் சிமெண்டாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கு இடையில் ஒரே சுவர். குழி வெட்ட இடமில்லை. வெட்டினாலும் நாற்றம் நேராகப் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகும். அதனால்தான் குழிக்குப் பதில் கூடை.

ஜப்பானின் கித்தாக்யூஷூ நகரைச் சேர்ந்த கோஜி தக்காக்குரா என்பவர் 2004இல் இந்தோனேசியாவின் சுராபாயாவுக்குப் போய் அங்குள்ள தொண்டு அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய முறை இது. ஜப்பானிலிருந்து நுண்ணுயிர்த் தூள் எதையும் அவர் கொண்டுவரவில்லை. சுராபாயா சந்தையில் கிடைத்த தெம்பே, தாப்பாய் போன்ற புளித்த பண்டங்களில் இருந்த உயிர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார். கூடைகள் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போயின. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே நகரத்தின் குப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நம் நாட்டிலும் சரவாக்கின் சிபு போன்ற ஊர்களில் நகராண்மைக் கழகங்கள் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. மஸ்ஜித் தானா பசார் மாலாமில் ஒரு சுற்று வந்தால் தேவையானவற்றில் பாதி கையில் வந்துவிடும்.

ஆரம்பிக்க ஐந்து வீடு போதும். ஒரே வரிசையில், பின்வழிச் சந்து ஒன்றாக இருக்கிற வீடுகளாகப் பாருங்கள். ஒரு வீட்டிலாவது பகலில் ஆள் இருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவோ பாட்டியோ அமைந்தால் அதிர்ஷ்டம். ஐம்பது வீட்டைக் கூட்டிக் கூட்டம் போட்டால் ஐம்பது அபிப்பிராயம் வரும், கூடை வராது. ஐந்தில் ஒன்று மலாய்க்காரர் வீடாகவோ சீனர் வீடாகவோ இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வீட்டு மாக்சிக்குக்கு இது என்னவென்று முதல் நாளே தெரிந்துவிட்டால் பிறகு புகார் வராது. தெம்பே எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று சொல்லப் போவதும் அவர்தான்.

முதல் வேலை இரண்டு கரைசல். ஐந்து லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர், இரண்டு மூன்று கைப்பிடி சிவப்புச் சீனி, அதோடு உதிர்த்த தெம்பே ஒரு துண்டு, தாப்பாய் ஒரு பொட்டலம், தயிர் ஒரு கரண்டி. மலாக்காவில் இருக்கிறோம் என்பதற்காகக் கூலா மெலாக்கா வாங்கிப் போட வேண்டாம், அது பாயசத்துக்கு. இரண்டாவது போத்தலில் பப்பாளித்தோல், வெள்ளரித்தோல், வாழைப்பழத்தோல், கீரைக்காம்பு என்று பொடியாக அரிந்து போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிறு கரண்டி உப்பு. பழத்தோலின் மேல் ஒட்டியிருக்கும் உயிர்கள் இதில் பெருகும். இரண்டையும் நிழலில் மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். வாயு பிடித்துப் போத்தல் வீங்கும். திறந்தும் வைக்கக் கூடாது. கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரி 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அபராதம் எழுதிவிட்டுப் போவார். மூடியை லேசாகத் திருகி, வாயில் துணி கட்டினால் தீர்ந்தது. சீனிக் கரைசல் தாப்பாய் வாசத்தோடு இனிப்பும் புளிப்புமாக இருக்க வேண்டும். அழுகல் நாற்றம் அடித்தால் கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுத்தது படுகை. இந்த முறைக்கு உயிரே இதில்தான். உமியும் தவிடும் சரிபாதி. தவிடு மாட்டுத்தீவனக் கடையில் ‘டெடாக்’ என்று கேட்டால் கிடைக்கும். கோழிக்கென்று எல்லாம் கலந்து வைத்திருப்பதைக் கொடுப்பார்கள், வெறும் அரிசித்தவிடு வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். உமி பூச்செடிக் கடையில் இருக்கும். அங்கே பெரும்பாலும் கருக்கிய உமிதான் மூட்டையில் நிற்கும், அது வேண்டாம். கருகாத உமிதான் வேண்டும். தவிடு நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு, உமி அவை மூச்சுவிட இடம். இரண்டு கைப்பிடி காட்டு மண்ணும் சேர்த்தால் நல்லது. செம்பனைக் காட்டில் வெட்டிய மட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதன் அடியில் கறுத்து, பொலபொலவென்று, மழைவாசத்தோடு இருக்கும் மண் மிகப் பொருத்தம். தோட்டத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இவற்றைத் தார்ப்பாயில் கொட்டி, இரண்டு கரைசலையும் வடிகட்டித் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்று கேட்பார்கள். அளவு சொல்ல முடியாது, உமி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. புட்டுக்கு மாவு பிசறுகிற பதம்தான் கணக்கு: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் ஒரு சொட்டும் வடியக் கூடாது. கையேடுகளில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு என்று போட்டிருக்கும். அதை அளக்கிற கருவியைவிடப் புட்டு அவிக்கிற அக்காவின் கை நம்பகமானது. ஐந்து வீட்டு ஆட்களும் ஒரு முறையாவது தங்கள் கையால் பிடித்துப் பார்க்கட்டும். பிறகு கூடையில் என்ன தப்பு நடந்தாலும் இந்தப் பதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிசறியதைக் குவியலாக்கி, கோணிச்சாக்கால் மூடி, மழை படாத கார் நிறுத்துமிடத்தில் வையுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். குவியல் பெரிதாக இருந்தால் 60 பாகை வரைகூடப் போகும். கையை வைத்திருக்க முடியாது. தினமும் ஒரு முறை அடிமேலாகப் புரட்டிவிட வேண்டும். மூன்றாம், நாலாம் நாளில் மேலெல்லாம் வெள்ளைப் பூசணம் பூத்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போவது இந்தக் கட்டத்தில்தான். வெள்ளை பூத்தால் வெற்றி. கறுப்போ பச்சையோ பரவி நாறினால் தண்ணீர் அதிகம். இன்னும் கொஞ்சம் உமி போட்டுப் புரட்டுங்கள். சூடு தணிந்ததும் நிழலில் பரப்பி உலர்த்தினால் வித்து தயார். சாக்கில் கட்டி வைத்தால் பல மாதம் கெடாது.

கூடை என்பது சாதாரணத் துணிக்கூடைதான், நான்கு பக்கமும் ஓட்டை உள்ளது. உட்பக்கம் அட்டைப்பெட்டியை வெட்டிச் சுற்றிலும் அடியிலும் பொருத்துங்கள். காற்று புகும், ஈ புகாது, மிஞ்சிய ஈரத்தை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். வித்தைப் பாதிக்குச் சற்று மேலாக நிரப்பி, மேலே ஒரு பழைய துணி, அதற்கு மேல் மூடி. மூடியின்மேல் ஒரு கல், மறக்காமல். பின்வழிச் சந்தில் குரங்கும் வரும், உடும்பும் வரும். கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினால் அடியிலும் காற்று ஓடும்.

இனிமேல் தினப்படி வேலை, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய கழிவை நீர் வடித்து, விரல்கடை அளவுக்கு நறுக்கி, கூடையின் நடுவில் குழி பறித்துப் போட்டு, வித்தோடு நன்றாகக் கலந்து மூட வேண்டும். நாளுக்கு ஒரு கிலோ வரை ஒரு கூடை தாங்கும். காய்த்தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, சோறு எல்லாம் போகும். குழம்புச்சோறாக இருந்தால் சல்லடையில் போட்டு அலசுங்கள். உப்பும் எண்ணெயும் சேரச் சேரக் கூடை மந்தமாகும். தேங்காய்மட்டை, டுரியான் தோல், ஆட்டெலும்பு வேண்டாம். பொரித்த எண்ணெயைக் கூடையிலும் ஊற்றாதீர்கள், சிங்கிலும் ஊற்றாதீர்கள். போத்தலில் சேர்த்து வைத்தால் வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து வீட்டு எண்ணெய் சேர்ந்தால் அடுத்த மூட்டை உமிக்குக் காசாகும்.

மீன்கழிவு தனிக் கதை. பெங்காலான் பாலாக், கோலா லிங்கி கரையெல்லாம் பக்கத்தில் இருக்கிற ஊரில் வாரத்தில் நாலு நாள் மீன்குழம்பு. குடலும் செவுளும் கூடையில் போனால் முதல் மாதத்திலேயே திட்டம் முடிந்தது. அதற்கு வேறு வழி உண்டு: மீன்கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, வாளியில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி நிழலில் விட்டால் சில வாரத்தில் தேன்பதத்தில் மீன் அமிலம் வடியும். தண்ணீரில் வெகுவாகக் கலந்து செடிக்குத் தெளிக்கலாம். 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் போன்ற இயற்கை விவசாய முறைகளைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து வருகிறது. அதன் கல்வி அதிகாரி என்.வி. சுப்பாராவ் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடமும் குடும்பங்களிடமும் வீட்டுத் தோட்டத்தைக் கொண்டுசேர்ப்பதில் நீண்ட காலம் உழைத்தவர். வெல்லத்தில் கஞ்சத்தனம் செய்தால் மீன் அமிலம் நாறும், அவ்வளவுதான் அதன் ரகசியம்.

“என்ன அண்ணே, நேத்துலேர்ந்து ஒரு மாதிரி வாடை வருதே?” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டால் உடனே மூடியைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். பிழிந்தால் நீர் வடிகிறதா? உமியோ காய்ந்த இலையோ போட்டுக் கிளறி, ஒரு நாள் எதுவும் போடாமல் விடுங்கள். அட்டை ஊறிக் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். எறும்பு மொய்த்தால் கூடை அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளியுங்கள். சிறு புழுக்கள் தெரிந்தால் அலற வேண்டாம். கழிவு மேலாகக் கிடந்து ஈ உட்கார்ந்திருக்கிறது. ஆழமாகப் புதைத்துக் கிளறினால் சூட்டில் அடங்கும். எறும்பைத் தவிர மற்றக் கோளாறுக்கெல்லாம் மருந்து ஏறக்குறைய ஒன்றே: காய்ந்த சரக்கும், ஒரு கிளறலும்.

அந்தக் காய்ந்த சரக்கை எப்போதும் காசு கொடுத்து வாங்க முடியாது. சாயங்காலமானால் தாமானில் யாராவது ஒருவர் சருகைக் கூட்டிக் கொளுத்துவார். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம், ஆனால் சட்டம் பேசினால் சண்டைதான் வரும். “கொளுத்தாதீங்க அங்கிள், சாக்குல கட்டி எங்க வீட்டு முன்னால வெச்சிடுங்க” என்று காலிச் சாக்கு இரண்டைக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் தீப்பெட்டி மிச்சம். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். பக்கத்தில் இன்னும் பால்மரக்காடு வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோத்தோங் ரோயோங்கை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சாக்கில் போட்டு மிதித்தால் இலை அப்பளமாய் நொறுங்கும். உமிக்குப் பாதி ஈடு கட்டும். இந்தச் சருகுச் சாக்குகளை ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரே இடத்தில், மழை படாமல் வைப்பது அவசியம். யாருக்கு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் வாட்சாப் குழுவில் ஒரு வரி போட வேண்டும். குழுவில் காலை வணக்கப் படங்கள் போடுவதற்கு மட்டும் தடை.

பழகிய பிறகு கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைப் பூமாலைகளில் பூவைவிட நூல்தான் தொல்லை. நைலான் நூலையும் ஜிகினாவையும் உருவாமல் போட்டால் உரத்தில் அப்படியே கிடைக்கும். அன்னதான வாழையிலையில் நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு மற்றதை அரியுங்கள். ஆனால் கோயில் சரக்கைக் கூடை தாங்காது. கம்பிவலை வளையம் ஒன்றில் சருகும் பூவும் மாற்றி மாற்றி அடுக்கிப் பெரிய குவியலாகத்தான் போட வேண்டும். அதற்கு இடமும், வாரம் ஒரு முறை புரட்டுவதற்கு உடம்பில் தெம்புள்ள இளைஞர்களும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கோயிலில் தொடங்காதீர்கள்.

கூடை நிரம்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். நிரம்பியதும் பாதியை எடுத்துச் சாக்கில் கட்டி இரண்டு வாரம் நிழலில் ஆறவிடுங்கள். மீதிப் பாதியே அடுத்த சுற்றுக்கு வித்து. ஆறாத உரத்தைச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துபோகும். ஆறியதற்கு அடையாளம், சூடு அறவே இருக்காது, மண்வாசம் வரும். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று நான்கு பங்கு மண் கலந்து, கறிவேப்பிலை, முருங்கை, பச்சைமிளகாய், கத்திரி எதற்கும் போடலாம். தொட்டிச்செடிக்கு இது போதும். பின்வழிச் சந்திலோ தாமானின் காலி நிலத்திலோ பாத்தி கட்டுவதென்றால் அது நம் நிலமில்லை. அலோர் காஜா நகராண்மைக் கழகத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள். ஐந்து பேர் போய்க் கேட்பதைவிட உங்கள் பகுதியின் ருக்குன் தெத்தாங்கா வழியாகக் கேட்டால் காதில் விழும். 1975இல் இரவுக் காவல் சுற்றுக்காகத் தொடங்கிய அந்த அமைப்பு இன்று 2012ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் நடக்கிறது.

பாதிப் பாதியாகப் பிரிக்கும்போது வித்து பெருகிக்கொண்டே போகும். அதை அடுத்த வரிசையிலிருந்து ஐந்து வீடு கேட்டு வரும்போது கொடுங்கள்; கேட்காதவர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைக்காதீர்கள். வித்தோடு சேர்த்து, பதம் தெரிந்த ஓர் ஆளையும் முதல் வாரத்துக்கு அனுப்புங்கள்.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கழிவு போடுவதை நிறுத்திவிட்டு, கடைசியாக ஒரு முறை கிளறி, இரண்டு கை தவிடு தூவி மூடினால் போதும். திரும்பி வரும்போது கூடை ஆறிக் காய்ந்திருக்கும். சீனிக் கரைசலோ வெறும் தண்ணீரோ தெளித்துப் பதத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் சோறு மட்டும் கலந்து வையுங்கள். மறுநாள் உள்ளே சூடு பிடித்திருந்தால் வழக்கம்போல் போடலாம். பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கூடையிலிருந்து நாலு கை வித்து வாங்கிக் கலந்துவிடுங்கள்.